எழுத்தும் சோறும்

நாங்கள் காங்கேசன்துறையில் படித்த காலத்தில் "எழுத்து" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தன. ஒன்று, விஜயதசமியில் ஏடு தொடக்கி, பிறகு பாடசாலையில் ரீச்சர் கைபிடித்துப் பழக்கியது. மற்றது, பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டது: "ஆவணியில எழுத்து, தையில தாலி." விவாகப் பதிவை எங்கள் ஊர் இன்றும் எழுத்து என்றே சொல்கிறது.

இந்த மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்ட நாட்களில் எமது வகுப்புத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. ரொறன்ரோவில் உள்ள தோழியின் மகள் ஒரு பெடியனோடு தனி வீடு எடுத்துப் போய்விட்டாள். எழுத்தும் இல்லை, தாலியும் இல்லை. "எங்கட பரம்பரையிலேயே இப்பிடி ஒண்டு நடந்ததில்லை" என்று தோழி எழுதியிருந்தாள். உண்மையிலேயே நடந்ததில்லையா என்று தேடிப் பார்த்ததில் பிறந்ததே இக்கட்டுரை.

யாழ்ப்பாணத்தில் "சோறு குடுப்பித்தல்" என்று ஒரு வழக்கம் இருந்தது. மேளம், மணவறை, ஐயர் என்று செலவழிக்க வசதியில்லாத குடும்பங்களில் பெண் சோறு சமைத்து மாப்பிள்ளைக்குப் பரிமாறுவாள். அன்று முதல் அவர்கள் புருஷன் பெண்சாதி. உறவினர் அறிந்தால் போதும், ஊர் ஏற்றுக்கொண்டது. எங்கள் பூட்டிமாரில் எத்தனை பேர் இப்படிக் குடும்பமானார்கள் என்பதை எந்த வீட்டு அல்பமும் சொல்லாது.

எமது வழமைகளை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக் 1707 இல் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தார். அதைத் தமிழ் முதலியார்கள் பன்னிருவர் சரிபார்த்தனர். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்டவலுக் கொடுத்தனர். அதில் திருமணச் சடங்கைவிடச் சீதனம், முதுசம், தேடியதேட்டம் ஆகியவையே அதிகம் பேசப்படுகின்றன. கணவனை இழந்த தாய் மறுமணம் செய்தால் முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கை யார் பராமரிப்பது என்பதும் அங்கே உண்டு. மறுமணம் ஊரில் நடந்தபடியால்தான் அதற்கு விதியும் எழுதப்பட்டது.

ஒல்லாந்தர் காலத்தில் திருமணங்களைப் பதிந்த ஏட்டுக்குப் "பள்ளித் தோம்பு" என்று பெயர். அதை எழுதியவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். தேவாலயப் பதிவு இல்லாவிட்டால் சொத்துரிமைக்குச் சிக்கல் என்பதால் பலர் அங்கே பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தங்கள் முறைப்படி கலியாணம் செய்தார்கள். எழுத்து வேறு, கலியாணம் வேறு என்ற பழக்கத்துக்கு அவ்வளவு வயது.

எழுத்தே இல்லாதவர்களின் கதி என்ன? இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று, 1881 இல் அதற்குத் தீர்ப்புக் கிடைத்தது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள் என்று காட்டப்பட்டால், அதற்கு மாறானது தெளிவாக நிரூபிக்கப்படும் வரை அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் என்றே சட்டம் அனுமானிக்கும் என்பது அத்தீர்ப்பு. பதிவு திருமணத்துக்குச் சிறந்த சாட்சி. அது இல்லை என்பதால் மட்டும் வழமைப்படி நடந்த திருமணம் இல்லாமற் போய்விடாது. எங்கள் பூட்டிமாருக்கு இந்த அனுமானம் ஒரு குடையாக இருந்தது.

பிறகு ஊர் மாறியது. 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஆண்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் பார்க்கப் போனார்கள். 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தது. மாதச் சம்பள மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது. சீதனம் ஏற, உறுதியும் எழுத்தும் தவிர்க்க முடியாதவை ஆயின. "எங்கட பரம்பரை" என்று எமது தோழி நினைத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று தலைமுறையைத்தான்.

நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, 1990 ஜூனில், ஊரோடு இடம்பெயர்ந்தோம். அதன்பின் நாங்கள் படித்ததெல்லாம் இரவல் கட்டடங்களில். யுத்தத்தின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தார்கள். பல எழுதப்படவில்லை. எழுதியவையும் பதுங்குகுழிகளோடு போயின.

இன்று எமது கிளினிக்குக்கு வருபவர்களில் அந்தத் தலைமுறையினரும் உண்டு. ஒருவரின் கதையை அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம். வயது முப்பத்தாறு. கணவர் 2009 இல் காணாமற்போனவர். அது பதிவுத் திருமணம். இப்போது வேறொருவரோடு ஆறு வருடமாகக் குடும்பம், வயிற்றில் பிள்ளை. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம்.

"எழுதிறதெண்டால் முதல் அவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கவேணும் டொக்டர். எடுத்தால் நானே அவரைக் கொண்டமாதிரி. நாளைக்கு வந்து நிண்டால் நான் என்ன சொல்லுறது?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. 2016 முதல் காணாமற்போனவர்களுக்கு "காணாமை" பற்றிய சான்றிதழ் பெற வழி உண்டு. ஆனால் அது திருமணத்தை முடித்துவைக்காது. முதற் திருமணம் சட்டத்தில் உயிரோடு இருக்கும் வரை 1881 இன் அனுமானமும் இவளுக்குக் கைகொடுக்காது. பூட்டிக்குக் கிடைத்த குடை பேத்திக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களின் தம்பதியர் பதிவேட்டில் மணமானவர்களோடு சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இடமுண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் பராமரிப்புக் கொடுக்க எழுத்து தேவையில்லை. ஆனால் கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் இருப்பவர்கள் "புருஷன் ஆர்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து ஏழாம் மாதத்தில் முதற்தடவையாக வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அப்படிப் பிந்தி வருபவர்களில் இரத்த அழுத்தமும் பிந்தியே பிடிபடுகிறது.

சேர்ந்து வாழும் பெண்ணுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதும் சரியல்ல. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழும் துணையாலான வன்முறைக்கும் பொருந்தும். 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, பெற்றோர் மணமாகாதவர்களானாலும் பிள்ளைக்குச் செலவு கோரலாம். தாயும் தகப்பனும் சேர்ந்து பதிவாளரிடம் கேட்டு ஒப்பமிட்டால் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இடம்பெறும். ஆனால் துணைவர் இறந்தால் சொத்து தானாக வராது. மரணசாசனமோ உறுதியோ எழுதிவைக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கவேண்டும். வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது இந்த விதி எத்தனையோ பெண்களை வழக்காட வைத்தது. மணமாகாத பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே எழுத்து எல்லாப் பெண்ணுக்கும் எப்போதும் கவசமாக இருந்ததென்றும் சொல்லமுடியாது.

புலம்பெயர்ந்த தோழிகளுக்கும் ஒரு சொல். ஒன்ராறியோவில் மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரிந்தால் ஒருவரிடமிருந்து மற்றவர் பராமரிப்புக் கோரலாம். ஆனால் மணமானவர்களுக்குள்ள சொத்துப் பங்கீடு அவர்களுக்கு இல்லை. இங்கிலாந்தில் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டம் அதைத் திருமணமாகக் கொள்வதில்லை. பிள்ளையோடு கதைப்பதை நிறுத்துவதைவிட, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பது நல்லது.

ரொறன்ரோத் தோழியின் மகள் எழுதாமல் வாழ்வது அவளுடைய விருப்பம். எமது கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு எழுத வழியே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் ஏசுவது எங்களுக்கு நீதியாகப் படவில்லை.

தோழி கடைசியாகக் குழுவில் எழுதியது இது: "ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டை போனனாங்கள். பெடியன்தான் சமைச்சவன். கத்தரிக்காய்க்குப் புளி கொஞ்சம் கூட."

எங்களுக்கு எழுத்தறிவித்தது எமது பாடசாலை. நூற்றாண்டு காணும் எமது சங்கம் ஊரில் மாதம் ஒருநாள் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒழுங்கு செய்யலாம். எங்களுக்குள் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறோம். பிறப்புப் பதிவுக்கும் காணிக்கும் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும் அலையும் பெண்ணிடம் "புருஷன் ஆர்?" என்று கேட்காமல், "என்ன உதவி வேணும்?" என்று கேட்கும் ஒரு மேசை அங்கே இருந்தால் போதும்.