தூதுச் சீட்டின் கதை

பரிசளிப்பு விழா மலரிலே சரித்திரக் கட்டுரை என்றால் மன்னர்களையும் போர்களையும் எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதப் போவது ஒரு சின்னஞ்சிறு சீட்டின் சரித்திரம்.

2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பாடத்தாள் கொடுக்க ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அப்பா சிங்கப்பூரிலே கப்பல் பட்டறைத் தொழிலாளி. 2020 மார்ச் 18-இல் ஜொகூர்க் கடற்பாலத்தில் போக்குவரத்து முடங்கியது முதல் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பிள்ளை என்னைக் கேட்டாள்: "சார், அப்பா ஊசி போட்டுக்கிட்டாராம். அந்த ஊசி போட்டா ரத்தமே மாறிடும்னு பாட்டி சொல்றாங்க. அப்பா திரும்பி வர்றப்ப வேற ஆளா ஆயிடுவாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் ஆகாது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய வாத்தியாருக்கே பதில் தெரியவில்லை! வெட்கப்பட்டுப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கதையின் ஒரு முனை அக்கரையிலே, அந்தத் தகப்பனார் தங்கியிருந்த சிங்கப்பூரிலேயே இருந்தது தெரிந்தது.

முதலிலே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னொரு நாள் தேக்காவில், பஃபலோ சாலைப் பூக்கடையருகே நின்று மாலை கட்டுவதைப் பார்த்தபோதுதான் எனக்கே அது விளங்கியது. ஒரு பூக்கடை முதலாளி பெரிய ஏடொன்றைப் பெட்டியிலே பூட்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த மாலைக்கு எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்பதெல்லாம் அதிலே எழுதியிருக்கிறது. ஏட்டை அவர் வெளியே தரமாட்டார். வேண்டிய மாலையின் கணக்கை மட்டும் ஒரு சீட்டிலே படியெடுத்து அனுப்புவார். கட்டுபவர் சீட்டைப் பார்த்துக் கட்டுவார். எடுபிடிப் பையன்கள் பூவை ஒவ்வொன்றாய் எடுத்து நீட்டுவார்கள். வேலை முடிந்ததும் சீட்டு குப்பைக்குப் போய்விடும்.

நம் உயிரணுக்களுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பெட்டி என்பது உட்கரு. ஏடு என்பது டி.என்.ஏ. சீட்டு என்பது தூது ஆர்.என்.ஏ. மாலை கட்டுபவர் ரைபோசோம். பூக்கள் 20 வகை அமினோ அமிலங்கள். அவற்றை எடுத்து நீட்டும் பையன்களும் ஒரு வகை ஆர்.என்.ஏ.தான். கட்டி முடித்த மாலைதான் புரதம். சீட்டின் மொழியிலே நான்கே எழுத்துகள். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஆகவே 4 × 4 × 4 = 64 சொற்கள். அவற்றுள் 61 சொற்கள் பூக்களைக் குறிப்பவை. ஆகையால் ஒரே பூவுக்குப் பல சொற்களும் உண்டு. மிச்சம் 3 சொற்கள் 'போதும், முடிச்சுப் போடு' என்னும் கட்டளை. எழுத்து மொழியைப் பூ மொழியாக மாற்றுவதால் விஞ்ஞானிகள் இதற்கு 'மொழிபெயர்ப்பு' என்றே பெயர் சூட்டினார்கள்.

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். இதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். ஏடு கிடைத்துவிட்டது. ஆனால் செய்தியை வெளியே கொண்டு போவது யார்? ஒவ்வொரு ரைபோசோமும் தனக்குரிய ஒரே மாலையின் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களுள் ஒருவர் சிட்னி பிரென்னர். 1927-இல் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் நகரில் பிறந்தவர். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். அண்டை வீட்டு அம்மையார் மேசை விரிப்பாகப் போட்டிருந்த பழைய செய்தித்தாளைப் பார்த்துத்தான் சிறுவன் பிரென்னர் வாசிக்கக் கற்றான். தோட்டத்துப் பிள்ளைகளே, இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

1960 ஏப்ரல் 15, பெரிய வெள்ளிக்கிழமை. கேம்பிரிட்ஜில் பிரென்னரின் அறையிலே, பாரிஸ் விஞ்ஞானி பிரான்சுவா ஜாக்கோப் தம் ஆய்வு முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்ட பிரென்னருக்கும் கிரிக்குக்கும் பொறி தட்டியது. ரைபோசோம் வெறும் கட்டுபவர்தான். எந்தச் சீட்டு வந்தாலும் படிப்பார். சீட்டுதான் தனி என்று புரிந்தது.

ஊகித்தால் போதுமா? நிரூபிக்க வேண்டுமே! அந்தக் கோடையிலே பிரென்னரும் ஜாக்கோப்பும் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போய் மெசல்சனோடு சேர்ந்து சோதனை செய்தார்கள். வைரஸ் புகுந்த பாக்டீரியாவிலே, பழைய ரைபோசோம்கள் புதிய சீட்டைப் படிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆனால் ரைபோசோம்கள் உடைந்து உடைந்து போயின. தோல்விக்கு மேல் தோல்வி. மனம் சோர்ந்து கடற்கரையிலே உட்கார்ந்திருந்தபோது பிரென்னருக்குத் திடீரென்று உறைத்தது, மக்னீசியம் போதவில்லை என்று! உடனே ஓடினார்கள், அளவைக் கூட்டினார்கள், ரைபோசோம்கள் உடையாமல் நின்றன. 1961 மே மாதம் தூது ஆர்.என்.ஏ. பற்றிய கட்டுரை உலகுக்குத் தெரிந்தது. மூன்று எழுத்து ஒரு சொல் என்பதையும் அதே ஆண்டு கிரிக்கும் பிரென்னரும் தோழர்களும் காட்டினார்கள்.

பிறகு அகராதி தயாரிக்கும் வேலை. முதல் சொல்லை 1961-இல் நிரன்பெர்க்கும் மத்தாயும் படித்தார்கள். பஞ்சாபின் ஒரு குக்கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா போன்றோரின் உழைப்பால் 1966-க்குள் 64 சொற்களும் விளங்கின. கொரானா, நிரன்பெர்க், ஹாலி ஆகிய மூவரும் 1968-இல் நோபல் பரிசு பெற்றனர். கட்டுபவராகிய ரைபோசோமின் நுட்ப வடிவத்தை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் நம்முடைய சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். தமிழர்க்குப் பெருமை என்றால் அது மிகையாகாது.

சரி, சிங்கப்பூர் எங்கே வந்தது? 1985-இல் அங்கே மூலக்கூறு, உயிரணு உயிரியல் ஆய்வுக்கென ஒரு கழகம் தோன்றியது. அது உருவாக ஆலோசனை சொன்னவர்களுள் பிரென்னரும் ஒருவர். புவன விஸ்தா வட்டாரத்திலே 'பயோபோலிஸ்' ஆய்வுநகர் திறக்கப்பட்ட 2003-இல், சிங்கப்பூர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. வேறோர் ஆராய்ச்சிக்காக 2002-இல் நோபல் பரிசு பெற்ற அப்பெரியவர், பிற்காலத்தை அங்கேயே கழித்து, 2019 ஏப்ரல் 5-ஆம் தேதி தம் 92-ஆம் வயதில் சிங்கப்பூரிலேயே கண் மூடினார்.

அவர் மறைந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2020 டிசம்பர் 30-இல், தேக்காவிலிருந்து வெகு தொலைவில்லாத நொவீனா வட்டாரத்து மருத்துவ நிலையத்திலே ஒரு தாதிக்குச் சிங்கப்பூரின் முதல் கொரோனா தடுப்பூசி போடப்பட்டது. ஊசிக்குள்ளே இருந்தது என்ன? அதே தூதுச் சீட்டு! வெளியிலிருந்து வரும் சீட்டை உடம்பு பகையென்று எண்ணாதபடி அதன் எழுத்தொன்றைச் சற்றே மாற்றும் வழியை 2005-இல் காட்டியவர்கள் கத்தலின் கரிக்கோவும் வைஸ்மனும். 2023-இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். ஊசியிலுள்ள சீட்டில் கிருமியின் மேல்முள்ளாகிய ஒரே ஒரு புரதத்தின் கணக்குதான் உண்டு. நம் ரைபோசோம் அதைப் படித்து அந்த முள்ளை மட்டும் செய்கிறது. உடம்பு அதைப் பார்த்துப் பழகி, உண்மைக் கிருமி வந்தால் எதிர்க்கத் தயாராகிறது. சீட்டு பெட்டிக்குள்ளே போவதில்லை, ஏட்டைத் தொடுவதில்லை, சில நாளில் சிதைந்து போகிறது. வள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வந்த செய்தியைச் சொல்லிவிட்டு மறையும் இதுவும் நல்ல தூதன்தானே?

2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்காகக் கடற்பாலத்திலே பேருந்துகள் ஓடத் தொடங்கின. அடுத்த மாதமே அந்தத் தகப்பனார் வீடு வந்து சேர்ந்தார். பள்ளியிலே என்னைக் கண்டதும் பிள்ளை ஓடி வந்தாள். "அப்பா மாறவே இல்ல சார். முடிதான் கொஞ்சம் நரைச்சிருக்கு!" என்றாள். இந்த முறை 'ஏன் மாறவில்லை' என்பதை அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோரும், கீழே அமர்ந்து கை தட்டுவோரும் ஒன்றை நினைவில் வையுங்கள். 'செய்தியைக் கொண்டு போவது யார்?' என்று 1960-இல் சிலர் விடாமல் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் பலன் 60 ஆண்டு கழித்து நம் தோட்டத்து வீட்டு வாசல் வரை வந்தது. உங்கள் வாத்தியாருக்கே பதில் தெரியாத கேள்வியாக இருந்தாலும், தயங்காமல் கேளுங்கள்.