கோடு வளைக்கும் லென்சும் அதை நிமிர்த்தும் கோப்பும்



நம் தருமபுரி மாவட்டத்து நடுகற்களை நான் படமெடுத்துத் திரிவது உங்களுக்குத் தெரியும். "தாத்தா, கம்ப்யூட்டர்ல லென்சு திருத்தக் கோப்புகள் குவிஞ்சு கிடக்கு, அழிச்சிடலாமா?" என்று பேரன் கேட்டான். பொறு என்றேன். காரணம் சொல்ல 1858-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு சென்னை அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியுமா? கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

அக்கால லென்சுகள் பலவற்றில் ஓரத்துக் கோடுகள் வளையும். நேரான சுவர் பீப்பாய்போலப் புடைக்கும். 1866-இல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே ஒரே தீர்வைக் கண்டார்கள். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடித் தொகுதிகள், நடுவில் ஒளித்துளை. முன்னது வளைப்பதைப் பின்னது எதிர்ப்பக்கம் வளைத்துச் சரிசெய்துவிடும். திருத்தம் லென்சுக்குள்ளேயே இருந்தது.

(கல்வெட்டுத் துறையினர் எடுக்கும் மைப்படிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஈரத்தாளைக் கல்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றுவார்கள். கல்லின் அளவு அப்படியே தாளில். 1975-இல் வெளிவந்த 'தருமபுரி கல்வெட்டுகள்' நூல் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.)

பிறகு கணக்கு வந்தது. அமெரிக்காவில் டுவேன் பிரவுன், லென்சின் பிழையைச் சமன்பாட்டில் எழுதும் முறையை 1966-இலும் 1971-இலும் வெளியிட்டார். 2010-இல் அடோபி நிறுவனம் லைட்ரூமிலும் கேமரா ராவிலும் லென்சுக்கொரு கோப்பு என்று கொண்டுவந்தது. நோட்பேடில் திறந்தால் வெறும் எண்கள்: எவ்வளவு வளைகிறது, ஓரம் எவ்வளவு இருள்கிறது, நிறம் எவ்வளவு பிரிகிறது.

இங்கேதான் சிக்கல். ராவ் படத்தைத் திருத்தும்போது படம் மாறுவதில்லை. 'இந்தப் பெயருள்ள கோப்பைப் போட்டுக் காட்டு' என்ற குறிப்பு மட்டுமே சேமிக்கப்படுகிறது. கோப்பை அழித்தால், பழைய படத்தைத் திறக்கும்போது நடுகல் மறுபடி புடைத்து நிற்கும். படத்தை வைத்துக் கல்லின் உயர அகலத்தைக் கணக்கிட்டவர், அடுத்த முறை வேறு அளவைக் காண்பார். வட்டெழுத்து வரிகளை மைப்படியோடு ஒப்பிட்டால் ஓரத்து எழுத்துகள் பொருந்தா.

ஆகவே பேரனுக்குச் சொன்னது இது. மென்பொருளோடு வந்த கோப்புகள் போனாலும் மறுபடி நிறுவினால் வரும். அவை எடுத்துக்கொள்ளும் இடமும் சொற்பம். நாமே சேர்த்தவை, சதுரக் கட்டத் தாளைப் படமெடுத்து நாமே செய்தவை திரும்ப வரா. அவை பயனர் கோப்புறையில் தனியே கிடக்கும். அந்தக் கோப்புறையை ராவ் படங்கள் உள்ள வட்டிலேயே நகலெடு. முடிந்த படங்களைத் திருத்தத்தோடு டிஃப் வடிவில் ஏற்றுமதி செய். அவற்றுக்குப் பிறகு எந்தக் கோப்பும் தேவைப்படாது. விற்றுவிட்ட லென்சின் கோப்பாயினும் அதில் எடுத்த படம் இருக்கும்வரை கைவைக்காதே.

இண்டூர், பென்னாகரம் பக்கம் நடுகல் படமெடுத்து வைத்திருக்கும் மாணவர்கள் எந்த லென்சு, எந்தக் கோப்பு என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். என் தொகுப்போடு சேர்த்து வைக்கிறேன்.