முன் டயர் ஏன் ஒரு ஓரமாகத் தேய்கிறது? மாட்டு வண்டியிலிருந்து பிக்அப் வரை ஒரு பழைய கதை



பேருந்து, சாலை, பாலம் என்று நம் ஊர்ப் பழங்கதைகளை இங்கே எழுதுவது என் வழக்கம். இன்று டயரைப் பற்றி. "ரிட்டயர்டு வாத்தியாருக்கு டயர் எதுக்கு?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டைப் படிப்பது போலவே தேய்ந்த டயரையும் படிக்கலாம். இரண்டும் நடந்ததை அப்படியே பதிந்து வைத்திருப்பவை.

என்னிடம் படித்த ஒருவர் பிக்அப் வண்டி வைத்திருக்கிறார். அப்டா மார்க்கெட்டிலிருந்து ஏத்தன் குலை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போவார். வண்டி லோனில் ஓடுகிறது. எட்டு மாதத்தில் இரண்டு ஜோடி முன் டயர் மாற்றிவிட்டார். "சாரே, உள்பக்கம் மட்டும் தேயுதாக்கும். வெளிய நிண்ணு பாத்தா புது டயரு மாதிரிதான் இருக்கு. குனிஞ்சு பாத்தா மொட்டை" என்றார். ஒரு கடையில் டயர் கம்பெனி சரியில்லை என்றார்களாம். இன்னொரு கடையில் ரோடு சரியில்லை என்றார்களாம். மழையில் பாரத்தோடு இறங்கும்போது அந்த மொட்டை ஓரம் வெடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

அவர் வண்டிக்கு என்ன கோளாறு என்று பின்னால் சொல்கிறேன். முன் சக்கரம் என்பது ஏன் இவ்வளவு தொல்லை பிடித்தது என்பதை முதலில் பார்ப்போம்.

நம் நாஞ்சில் நாட்டு வயல்களில் நெல் சுமந்த மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டே சக்கரம். குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. வண்டி திரும்ப வேண்டுமானால் மாடு திரும்பும். அச்சு அதன் பின்னால் போகும். சக்கரத்தைத் தனியாகத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை.

நான்கு சக்கர வண்டி வந்தபோதுதான் சிக்கல். ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரு முளையில் சுழலும். வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழும். ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தனித்தனி முளையில் திருப்பலாம் என்ற எண்ணம், பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வினுக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே வந்தது. 1817இல் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கெயோர்க் லாங்கென்ஷ்பெர்கர் அதைச் செய்து காட்டினார். அவருக்காக லண்டனில் 1818இல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். தச்சர் பெயர் மறைந்து, காப்புரிமை வாங்கியவர் பெயர் நிலைத்தது. இன்றும் 'ஆக்கர்மன் ஸ்டியரிங்' என்றுதான் சொல்கிறோம்.

அதன் சாரம் இதுதான். வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. ஆகவே உள்பக்கச் சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஏதாவது ஒன்று உருளாமல் உரசும். இந்தக் கணக்கு லேசானது அல்ல. கார்ல் பென்ஸ் 1886இல் செய்த மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம். முன்னால் இரண்டு சக்கரத்தைத் திருப்பும் வழி அவருக்குத் திருப்தியாக அமையவில்லை என்பதே காரணம். 1893இல்தான் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டார்.

அதே காலத்தில்தான் காற்றடைத்த டயரும் வந்தது. ராபர்ட் தாம்சன் 1845இலேயே காப்புரிமை பெற்றும் அது எடுபடவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த டயர்தான் உலகம் சுற்றியது. இரும்புப் பட்டை உரசினால் சத்தம் கேட்கும். ரப்பர் உரசினால் சத்தமில்லாமல் தேயும். முன் சக்கரத்தின் கோணம் தப்பினால் அதற்குச் சாட்சியாக நிற்பது அன்று முதல் டயர்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20இல் அரசுப் பேருந்துத் துறையைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்ட்டர் என்ற ஆங்கிலேயரை அதற்கு முன்பே வரவழைத்திருந்தார்கள். முதல் பேருந்தை அவரே ஓட்டினார். மன்னர் சித்திரைத் திருநாள் பயணி. இங்கிலாந்திலிருந்து சேஸிஸ் வாங்கி, திருவனந்தபுரத்தில் மரத்தால் பாடி கட்டினார்கள். பிற்பாடு ஜீப் வந்தது, லாரி வந்தது. 1986இல் டாடா 407, 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்த் என்று சிறு பார வண்டிகள் பெருகின.

டயர் தேய்ந்தால் தூக்கிப்போடும் காலமல்ல அது. ரீபட்டன் போடுவார்கள். அதிலும் நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி மூடப்பட்டபோது நொடித்துப்போன குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் மாம்மன் மாப்பிள்ளை. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் ரீபட்டனுக்கு வேண்டிய ட்ரெட் ரப்பரில் இறங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். புது டயர் செய்ய ஆரம்பித்தது 1960களில். பழைய டயருக்குப் புதுத் தோல் போட்டுத்தான் அந்தக் கம்பெனி நிமிர்ந்தது.

சரி, மாணவரின் வண்டி.

வடசேரிப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் அவரை அழைத்துப்போனேன். அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. முதலில் காற்று பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு டயரின் பட்டன்மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவினார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு. மறுபக்கமாகத் தடவினால் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தது. "இது காத்துக் குறைவு இல்ல. சக்கரம் உருண்டுகிட்டே பக்கவாட்டுல இழுபடுது" என்றார்.

அடுத்து ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். 'டக் டக்' என்றது. இடது டை ராட் எண்ட் தேய்ந்து லூஸாகிவிட்டது. மேல் கீழாக ஆடியிருந்தால் பேரிங், கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட் பக்கம் தேட வேண்டும் என்று விளக்கினார்.

"ஆனா அலைன்மென்ட் பாத்தாச்சே, எல்லாம் சரின்னு பேப்பர் தந்தாங்களே" என்றார் மாணவர். பெரியவர் சிரித்தார். "நிக்க வண்டி சரியாத்தான் இருக்கும் மக்கா. ஓடும்போது தானே விரியுது."

இதில்தான் விஷயமே இருக்கிறது. பின் சக்கரம் தள்ளும் வண்டியில், ஓடும்போது தரை முன் சக்கரங்களைப் பின்னோக்கி இழுக்கும். அதனால் அவற்றின் முன்பக்கம் லேசாக வெளியே விரியப் பார்க்கும். அதற்கு ஈடாகத்தான் நிற்கும்போது சற்று உள்நோக்கி வைக்கிறார்கள். அதுவே டோ-இன். டை ராட் எண்ட் லூஸானால் வைத்த அளவைத் தாண்டி விரியும். விரிந்து ஓடினால் இரண்டு டயரிலும் உள் ஓரம் தேயும். அளவுக்கு மேல் குவிந்து ஓடினால் வெளி ஓரம் தேயும்.

ஒரு சின்னக் கணக்கு. டயரின் உயரம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் இருக்க வேண்டிய அளவைவிட 3 மில்லிமீட்டர் பிசகு. ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு டயரும் சுமார் 2 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு முன் டயரையும் 130 மீட்டர் தூரம் தார்மேல் பக்கவாட்டில் தேய்த்ததற்குச் சமம். தினமும் போய்வந்தால் எந்தக் கம்பெனி டயர்தான் தாங்கும்?

டை ராட் எண்ட் மாற்றினார். சக்கரத்தைச் சுழலவிட்டு டயரில் சாக்பீஸ் பூசி, ஆணியால் நடுவில் ஒரு கோடு கிழித்தார். வண்டியை இறக்கிச் சற்று உருட்டிய பிறகு, கோட்டுக்குக் கோடு முன்னாலும் பின்னாலும் டேப் வைத்து அளந்தார். பிறகே "இப்ப கம்ப்யூட்டர்ல போய்ப் பாரு" என்றார். மெஷின் தப்பு அல்ல. லூஸை எடுக்காமல் அளந்ததுதான் தப்பு. நான்கு மாதம் ஆகிறது. இரண்டு ஓரமும் ஒரே ஆழத்தில் இருக்கின்றன.

வண்டி வைத்திருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியவை:

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு, அல்லது அதற்கு மீறிய பாரம்.

நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

இரண்டு டயரிலும் ஒரே மாதிரி ஓரம் தேய்ந்து, கையில் ரம்பப் பல் தட்டினால் டோ.

ஒரே ஒரு டயரில் மட்டும் ஓரம் தேய்ந்தால் காம்பர். அச்சு வளைந்திருக்கலாம், கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். குழியில் இடித்தது எப்போது என்று யோசியுங்கள்.

அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர், பேலன்சிங், பேரிங்.

வரிசையையும் மாற்றாதீர்கள்: முதலில் காற்று, பிறகு லூஸ், கடைசியில்தான் அலைன்மென்ட். மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து நிறுத்தி, உள் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். நடுப்பட்டன் நன்றாக இருக்கிறதே என்று உள் ஓரத்தை மறந்தால் சட்டமும் விடாது, சாலையும் விடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீரிப்பாறை மலையில் விடியுமுன்னே எழுந்து பால் வெட்டுகிறவர்கள் நம் மாவட்டத்துக்காரர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் அந்த அரசு ரப்பர் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் சேர்கிற அந்தப் பால், லூஸான ஒரு டை ராட் எண்டுக்காக ரோட்டில் கரைவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

பழைய திருவிதாங்கூர் பேருந்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், அந்தக் காலத்தில் முன் சக்கரத்தை எப்படி நேர் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நூல் பிடித்தார்களா, கட்டை வைத்து அளந்தார்களா? அதையும் சேர்த்து வைப்போம். டிரைவர் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள்.