புரோநோட்டின் பின்பக்கம்

மலர்க் குழு நண்பர்கள் "கல்லூரி வரலாறு பற்றி நீங்களும் ஏதாவது எழுதுங்க" என்றார்கள். 1891-இல் சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கியதும், 1990-இல் டாக்டர் அம்பேத்கர் பெயர் பெற்றதும், 2018-இல் பாரிமுனையை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போனதும் நம் எல்லோருக்கும் தெரியும். பி.எல். முடித்தவன் எப்படி வக்கீல் ஆகிறான் என்ற வரலாற்றைத்தான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் சேர்ந்தது 1976-இல். ஹைகோர்ட் கோபுரத்தின் மேல் கலங்கரை விளக்கம் இருந்ததைப் பார்த்த கடைசி செட் நாங்கள். அப்பா மன்னார்குடிப் பக்கம் விவசாயி. எங்கள் குடும்பத்தில் கோர்ட் படி ஏறியவர்கள் எல்லோரும் கட்சிக்காரர்களாக ஏறியவர்களே.

1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்தில், பட்டம் வாங்கியபின் தொழில் பயிற்சி பெற்று, அதில் ஒரு பரீட்சையும் எழுதினால்தான் என்ரோல் ஆகலாம் என்றிருந்தது. 1973-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஒரு பரீட்சை மிச்சம் என்று எங்கள் செட்டே கொண்டாடியது. வேலை பழக ஓர் இடம் வேண்டும் என்று சட்டமே சொன்ன காலம் அதோடு போனது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இனி அவரவர் சாமர்த்தியம், அவரவர் மாமா.

எனக்கு மாமா இல்லை. 1979-இல் கவுன் மாட்டிக்கொண்டு ஓர் ஆபீசில் ஏழு மாதம் கட்டுத் தூக்கினேன். பஸ் காசுகூடக் கிடைக்கவில்லை. ஹைகோர்ட்டில் முத்துசாமி ஐயர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமத்தில் வேலை பார்த்த பையன். ஒரு தாசில்தார் கண்ணில் பட்டுப் படிக்க வந்தார், இந்த ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி ஆனார். நம்மை எந்தத் தாசில்தார் பார்க்கப் போகிறார்?

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வக்கீல் குமாஸ்தா, "தம்பி, எங்க ஐயாவை ஒருதரம் பாத்துட்டு அப்புறம் ரயில் ஏறுங்க" என்று தம்புச்செட்டித் தெருவுக்குக் கூட்டிப்போனார். கோர்ட் ஃபீ கணக்கு, ரிட்டர்ன் ஆன பேப்பரைச் சரிசெய்வது, வாய்தாத் தேதி குறிப்பது எல்லாம் அந்தக் குமாஸ்தாவிடம் படித்ததுதான். கல்லூரியில் இதற்குப் பாடமே கிடையாது.

ஐயா முதல் வாரம் ஒரு புரோநோட் கேஸ் கட்டைக் கொடுத்து தேதிப் பட்டியல் போடச் சொன்னார். எழுதிக் கொடுத்த தேதிக்கும் வழக்குப் போட வந்த தேதிக்கும் நாலு வருஷம் இடைவெளி. "காலாவதி சார், மூணு வருஷம் தாண்டிடுச்சு" என்றேன் பெருமையாக.

"பின்பக்கம் பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை. இரண்டாவது வருஷம் முடியும் முன்பே ஐம்பது ரூபாய் வரவு வைத்து, கடன்காரர் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம். காலவரம்புச் சட்டம் 19-ஆம் பிரிவு. பரீட்சையில் நான் நன்றாகவே எழுதியிருந்த கேள்வி! அவர் திட்டவில்லை. "பேப்பருக்கு ரெண்டு பக்கம்" என்று மட்டும் சொன்னார். மாதம் பிறந்தால் கவரில் நூறு ரூபாய் வரும்.

என்ரோல் ஆகுமுன் ஒரு வருஷப் பயிற்சி என்று அகில இந்திய பார் கவுன்சில் 1995-இல் விதி கொண்டுவந்தது. தனக்கு இல்லாத அதிகாரத்தில் செய்தது என்று சுப்ரீம் கோர்ட் 1999-இல் அதை ரத்து செய்தது. சட்டப்படி சரியான தீர்ப்புதான்; ஆனால் கிராமத்துப் பையன்கள் மறுபடி டீக்கடையில்தான் நின்றார்கள். 2024 ஜூனில் நம் ஹைகோர்ட் சொல்லி, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது.

அந்தச் சுற்றறிக்கையை என் ஜூனியர் பெண் என் மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அந்த மாதத்திலிருந்து கொடுக்கிறேன். அதற்கு முன் என்னிடம் இருந்த ஏழு பேருக்கு, எனக்கு வந்த கவரை நினைத்துப் பார்த்தால், நான் கொடுத்தது குறைச்சல்தான். அதில் இரண்டு பேர் இந்த மலரைப் படிப்பார்கள்.