செய்யாற்றங்கரையின் பறவைக் குடியிருப்பு

ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தையும் கலசப்பாக்கத்தையும் கடந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் செய்யாறு, பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாத்தில் சேயாறு எனப் பெயர் பெறுகிறது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் அந்நூலின் நவிரமலை, கலசப்பாக்கத்தை அடுத்துள்ள இன்றைய பர்வதமலையே என்று அறிஞர் கொள்வர். நவிரம் என்னும் சொல்லுக்கு மயில் என்ற பொருளும் உண்டு என்பது, மலையும் ஆறும் பறவையும் இவ்வட்டாரத்தில் எவ்வளவு தொன்மையான உறவுடையன என்பதை எண்ணச் செய்கிறது.

ஓர் ஆற்றங்கரையில் பல இனப் பறவைகள் வாழ்வதற்கு நீர் மட்டுமே காரணமன்று. கரை பல அடுக்குகளாக அமைந்திருப்பதே முதன்மையான காரணம். வெள்ளம் அரித்துச் செங்குத்தாக நிற்கும் மண் கரையில் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அலகால் குடைந்து, நீண்ட வளையின் முடிவில் முட்டையிடுகின்றன. நாணலும் கோரையும் அடர்ந்த ஓரம் கானாங்கோழிக்கு மறைவிடம் ஆகிறது. நீரின் மேல் சாய்ந்த பனையோலையிலும் முள்மரக் கிளையிலும் தூக்கணாங்குருவி கூடு பின்னுகிறது. மருதும் நாவலும் ஓங்கிய கரைமரத் தோப்பு, மலைக்காட்டுப் பறவைகள் சமவெளிக்கு இறங்கிவரும் நிழல்வழியாகப் பயன்படுகிறது.

வெறுமையாகத் தோன்றும் மணல்திட்டும் ஒரு வாழிடமே. பட்டாணி உப்புக்கொத்தி கூடு கட்டாமல், மணலில் சிறு பள்ளம் பறித்து, கூழாங்கல்லைப் போன்றே புள்ளியிட்ட முட்டைகளை இடுகிறது; அந்த நிறமே அவற்றுக்குக் காவல். இந்தியாவில் தங்கி வாழும் இதன் உள்ளினம், 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே தென்னிந்தியப் பறவைகளை வகைப்படுத்திய தாமஸ் ஜெர்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மனிதர் வகுத்த பாசனமும் இவ்வாழிடத்தை விரிவாக்கியது. ஆற்றுநீரைக் கால்வாய் வழியே ஏரிகளுக்குக் கொண்டுசென்றதால், மழைக்காலம் கழிந்த பின்னும் கொக்கும் நாரையும் வயல், ஏரி, ஆறு என மூன்றிடத்தும் இரைதேட முடிந்தது. வேடந்தாங்கல் மக்கள், பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை உணர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேசிடம் பறவைகளைச் சுடுவதற்கு எதிரான பாதுகாப்பைப் பெற்றதும், அதனை 1858இல் புதுப்பித்துக்கொண்டதும், வட தமிழகத்து உழவர் இவ்வுறவைத் தெளிவாக அறிந்திருந்ததற்குச் சான்றாகும்.

ஆனால் இவ்வாழிடம் சிதையவும் செய்கிறது. 1877இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் பின்னாளில் தமிழக ஆற்றோரங்களில் பரவி, பலவகை மரங்கள் நின்ற இடத்தை ஒரே மரத்தின் புதராக்கியது. மணல் அளவின்றி அள்ளப்படும் இடத்தில் உப்புக்கொத்தியின் திட்டு மறைகிறது. கரையைச் சரித்துக் கல் பதிக்கும் இடத்தில் மீன்கொத்தி வளை குடைய மண்ணே இல்லாமற்போகிறது.

ரத சப்தமியன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கலசப்பாக்கத்து ஆற்றுமணல், மக்களுக்குப் புனிதமான இடம். அந்த மதிப்பு மணலோடு நின்றுவிடாமல் மண்மேட்டுக்கும் நாணலுக்கும் கரைமரத்துக்கும் சேர்த்து வழங்கப்பட்டால்தான், சேயாறு என்ற பழம்பெயரோடு அதன் பறவைக் குரல்களும் அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.