கொள்ளைநோயும் இளவயதுக் கருத்தரிப்பும்

கொள்ளைநோயின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இறந்தோர் தொகையையே கணக்கிடுவர். எனினும், நோய் தீண்டாத இல்லங்களிலும் அது விளைக்கும் மாறுதல்கள் உள. அவற்றுள் ஒன்று, இருபது வயது நிரம்பாத பெண்கள் கருவுறுதல். நோய்க்காலத்தில் இது பெருகுமா, குறையுமா என்னும் வினாவுக்கு வரலாறு ஒரே விடையைத் தரவில்லை. விடை நோயின் இயல்பிலே இல்லை. அக்காலத்தில் எக்கதவுகள் அடைக்கப்பட்டன, எவை திறந்திருந்தன என்பதிலேயே தங்கியுள்ளது.

1918ஆம் ஆண்டிலே இன்புளுவென்சா நோய் இலங்கையிற் பரவியது. இறந்தோரையும் பிறவாதொழிந்தோரையும் சேர்த்து, இத்தீவு ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்களை இழந்ததெனப் பிற்கால ஆய்வாளர் கணிப்பர். அக்காலத்திற் பெண்கள் மிக இளமையிலேயே மணம்புரிந்தனர். 1901ஆம் ஆண்டிலே அவர்களது சராசரி மணவயது ஏறத்தாழ 18 ஆகும். ஆதலின் இளவயதிற் கருவுறுதல் இல்லறத்தின் இயல்பான தொடக்கமாகவே கொள்ளப்பட்டது; தனியொரு சமூகக் கேடாக எவரும் அதனை நோக்கிற்றிலர்.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. 1926இற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, மருத்துவமாதரை வீடுதோறும் கொண்டு சென்றது. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழைக் குடும்பத்துச் சிறுமியையும் பாடசாலையில் நிறுத்தியது. 1971அளவிற் பெண்களின் சராசரி மணவயது 23ஐக் கடந்தது. 1995இற் பொதுத் திருமணச் சட்டம் மணவயதை 18 ஆக உயர்த்தியது. 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்கள் ஆயிரவருக்கு ஆண்டுதோறும் 21 பிறப்புகளே நிகழ்ந்தன.

அக்காவல்களுள் ஒன்றாகிய பாடசாலை திடீரென நீங்கின் யாது நேரும்? மேற்கு ஆபிரிக்காவிலுள்ள சியெரா லியோன் இதற்குச் சான்று. 2014இல் அங்கே எபோலா நோய் பரவியபொழுது பாடசாலைகள் ஏறத்தாழ ஒன்பது மாதம் மூடப்பட்டன. அக்காலத்திற் கருவுற்ற இளம்பெண்கள் ஏறக்குறைய 18,000 பேர் என மதிப்பிடப்பட்டது. 2015இற் பாடசாலைகள் திறந்தபொழுது, கருவுற்ற மாணவியர் ஏனையோருடன் பயில அரசு தடை விதித்தது. நோயினால் ஒருமுறை கல்வியை இழந்தவர், சட்டத்தினால் மறுமுறையும் இழந்தனர். 2020 மார்ச்சு மாதத்திலேதான் அத்தடை நீக்கப்பட்டது.

அதே மாதத்திலே கொரோனா நோய் உலகெங்கும் பாடசாலைகளை மூடச் செய்தது. மேற்குக் கென்யாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு, இம்மூடலுக்கு உட்பட்ட மாணவியர் இடைநிலைக் கல்வி முடியுமுன் கருவுறும் வாய்ப்பு இருமடங்காயிற்று எனக் காட்டியது. வருவாய் இழந்த வீடும், காவலற்ற நெடும்பகலும் சிறுமியைப் பிறர் கைக்கு எளியவளாக்கின. இந்தியாவிலே, குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ்ப் பதிவான வழக்குகள் 2019இல் 523 ஆக இருந்து, 2020இல் 785 ஆயின. ஐக்கிய அமெரிக்காவிலோ நிலைமை வேறு. அங்கு பதின்ம வயதுப் பிறப்புகள் 2019இல் ஆயிரவருக்கு 16.7, 2021இல் 13.9. பல ஆண்டுகளாக நிகழ்ந்துவந்த வீழ்ச்சி நோய்க்காலத்திலும் தொடர்ந்தது. ஒரே நோய், வேறுவேறு விளைவு.

இலங்கையிலும் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பாடசாலைகள் 2021 இறுதிவரை பலமுறை மூடப்பட்டன. 2019இல் ஏறத்தாழ 319,000 ஆக இருந்த மொத்தப் பிறப்புகள், 2021இல் 285,000 அளவிற்குக் குறைந்தன. இதனைக் கொண்டு இளம்பெண்கள் இடரின்றி இருந்தனர் எனத் துணிதல் பிழையாகும். மணமானோர் பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைப்பின் மொத்தத்தொகை குறையும். அக்குறைவினுள்ளே ஒரு சிறுமியின் துயர் மறைந்துவிடக்கூடும். வயதுவாரியாக எண்ணினாலன்றி உண்மை புலப்படாது.

வெள்ளவத்தைக்குத் தெற்கே களுபோவிலையில் அமைந்த கொழும்புத் தெற்குப் போதனா வைத்தியசாலை போன்றவை, இளந்தாயரை எதிர்நோக்கும் இரத்தசோகை, உயர் குருதியழுத்தம், குறைமாதப் பேறு ஆகியவற்றுக்கு மருத்துவம் செய்யவல்லன. ஆயினும் மகப்பேற்று விடுதியின் வாயிலை ஒரு சிறுமி அடையுங்காற் காவல் தவறிவிட்டது என்பதே பொருள். அக்காவல் வகுப்பறையிலும், வீடு தேடி வரும் மருத்துவமாதின் கண்ணிலும் இருத்தல் வேண்டும்.

வருங்காலத்திலும் கொள்ளைநோய் வரும். பாடசாலைகளை மூடவேண்டியும் நேரலாம். அவ்வாறு மூடுவோர், வாராத மாணவியர் யாவர், அவர் இல்லத்தை நாடிச் செல்வோர் யாவர் என்பதனையும் அன்றே வகுத்தல் வேண்டும். திறக்கும் நாளிலே, கருவுற்றவளுக்கும் தாயானவளுக்கும் அக்கதவு திறந்திருத்தல் வேண்டும். சியெரா லியோன் ஐந்தாண்டு கழித்துக் கற்ற பாடம் இதுவே.