ரோசினாந்தே என்னும் வண்டி வீடு



வீட்டை விட்டுப் புறப்படுவதைப் பயணம் என்கிறோம். வீட்டையே உடன் கொண்டு புறப்பட்டால் அதற்கு என்ன பெயர்? நாடோடி வாழ்க்கை என்பீர்கள். பிழைப்பின் பொருட்டுச் சக்கரத்தின் மேல் வாழ்ந்த மக்கள் பல நாடுகளிலும் உண்டு. ஆனால், ஊர்களைக் காண வேண்டும் என்னும் ஆசை ஒன்றுக்காகவே வண்டி வீட்டில் புறப்படும் வழக்கம் மிகப் பழையது அன்று. அவ்வழக்கத்தின் வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு பயணத்தைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். அது எனக்கு ஒரு காலத்தில் பெருமகிழ்ச்சியையும், பின்னொரு காலத்தில் பெரும் ஏமாற்றத்தையும் தந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1885ஆம் ஆண்டு, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு வண்டி வீட்டைக் கட்டுவித்தார். அவர் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிஸ்டல் நகரத்துப் பட்டறையில் உருவான அவ்வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயர். அலைந்து திரிபவன் என்பது அதன் பொருள். இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்தின் டுவைஃபோர்டிலிருந்து வடக்கே இன்வர்னெஸ் வரை ஏறத்தாழ 1,300 மைல் அவர் சென்றார். வண்டியோட்டியும் பணியாளரும் உடன் சென்றனர். நாயும் கிளியும் துணை. மறு ஆண்டே அப்பயணம் நூலாக வெளிவந்தது. 1907இல் வண்டி வீட்டுப் பயணிகளுக்கென இங்கிலாந்தில் ஒரு சங்கமே தோன்றியது. பிறகு குதிரையின் இடத்துக்கு மோட்டார் எஞ்சின் வந்தது.

இனி, நான் சொல்ல வந்த பயணத்துக்கு வருவோம். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கை உங்களுள் பலர் அறிவீர்கள். பஞ்சத்தாலும் கடனாலும் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குச் சென்ற உழவர்களின் துயரத்தை 1939இல் நாவலாக்கிப் புகழ் பெற்றவர் அவர். 1960ஆம் ஆண்டு அவருக்கு வயது 58. அதற்கு முந்தின ஆண்டின் இறுதியில்தான் நோய்வாய்ப்பட்டுத் தேறியிருந்தார். அந்நிலையில் அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. "எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறேனோ, அந்த நாட்டை நான் நேரில் கண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின?" பழைய நினைவை வைத்துக்கொண்டு இன்றைய நாட்டைப் பற்றி எழுதுவது குற்றம் என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு மோட்டார் கம்பெனிக்கு எழுதி, சரக்கு லாரி ஒன்றின்மேல் சிறு அறையைப் பொருத்தச் செய்தார். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அதனுள் அடங்கின. வண்டிக்கு 'ரோசினாந்தே' என்று பெயரிட்டார். காற்றாலைகளை அரக்கர் என்று கருதிப் போருக்குப் போன டான் குயிக்ஸாட்டின் மெலிந்த குதிரையின் பெயர் அது. தம் முயற்சியைத் தாமே நகைத்துக்கொள்ளும் அவர் உள்ளம் அப்பெயரில் தெரிகிறதன்றோ? உடன் சென்றது சார்லி என்னும் வயது முதிர்ந்த நாய். துணி வெளுக்கவும் அவர் ஒரு வழி கண்டார். மூடியுள்ள ஒரு வாளியில் நீரும் சோப்பும் அழுக்குத் துணியும் இட்டு, நீளக்கூடிய கயிற்றால் வண்டிக்குள் தொங்கவிட்டார். சாலையின் குலுக்கலே துணியைத் துவைத்துவிட்டது!

செப்டம்பர் 23ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து புறப்பட்டார். வடகிழக்கே மெய்ன் மாநிலம். அங்கிருந்து மேற்கே சிகாகோ, வட டகோட்டா, மாண்டானா, சியாட்டில். தெற்கே பிறந்த ஊராகிய சாலினாஸ். பின் டெக்சாஸ், நியூ ஆர்லியன்ஸ் வழியாக வீடு. ஏறத்தாழ 10,000 மைல், இரண்டரை மாதம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடெங்கும் அகன்ற நெடுஞ்சாலைகள் அமைந்துகொண்டிருந்த காலம் அது. அச்சாலைகளில் விரைந்து செல்லலாம். ஆனால் எதையும் காண முடியாது என்று அவர் அஞ்சினார். ஆகவே இயன்றபோதெல்லாம் சிறிய சாலைகளை நாடினார். மெய்னில் உருளைக்கிழங்கு பறிக்கக் கனடாவிலிருந்து வந்த குடும்பத்தாரைத் தம் வண்டிக்கு அழைத்து விருந்தோம்பினார். 1962இல் இப்பயணம் நூலாயிற்று. அவ்வாண்டே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நூலின் இறுதிப் பகுதிதான் நெஞ்சை உலுக்குவது. வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பள்ளி என்பது சட்டத்துக்கு மாறானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. அதன்படி 1960 நவம்பர் 14ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸில் வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி சேர்ந்தாள். அவளுக்குக் காவலாக மத்திய அரசின் அதிகாரிகள் நால்வர் நடந்தனர். வெள்ளைப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினர். பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை அவ்வாண்டு முழுவதும் ரூபி ஒருத்திக்கே பாடம் நடத்தினார். நாள்தோறும் பள்ளி வாயிலில் பெண்கள் சிலர் கூடி, அக்குழந்தையை நோக்கி வசை பொழிந்தனர். கூட்டம் அதைக் கேட்டுக் கைதட்டியது. நியூயார்க் எண் பலகையுள்ள வண்டியை அங்கே கொண்டுபோக அஞ்சிய ஸ்டைன்பெக், அதைத் தொலைவில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் சென்று அக்காட்சியைக் கண்டார். அதன்பின் அவருக்குப் பயணத்தில் மனம் செல்லவில்லை. வீடு திரும்புவதையே விரும்பினார்.

இந்நூலை நான் கல்லூரியில் படித்தேன். பின்னர் ஆசிரியனான காலத்தில், தனியே சென்று கண்ணால் கண்டதை எழுதுவதற்கு இதுவே எடுத்துக்காட்டு என்று வகுப்புதோறும் கூறி வந்தேன்.

அரை நூற்றாண்டுக்குப் பின், 2010இல், பில் ஸ்டெயிகர்வால்ட் என்னும் பத்திரிகையாளர் ஸ்டைன்பெக் சென்ற வழியே தாமும் சென்றார். நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலுள்ள கையெழுத்துப் படியையும், கடிதங்களையும், பழைய செய்தித்தாள்களையும் நூலோடு ஒப்பிட்டார். அவர் கண்டது என்ன? பயண நாட்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஸ்டைன்பெக்கின் மனைவி உடனிருந்தார்! வண்டியில் உறங்கிய இரவுகள் சிலவே. விடுதிகளில் தங்கியவையே மிகுதி. வட டகோட்டாவில் ஆலிஸ் என்னும் ஊருக்கருகே முகாமிட்டு ஒரு நாடக நடிகரைச் சந்தித்ததாக நூல் சொல்கிறது. அவ்விரவு மனைவிக்கு எழுதிய கடிதமோ, முந்நூறு மைல் தொலைவிலுள்ள பீச் என்னும் ஊரிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. 2012இல் வெளிவந்த பதிப்பின் முன்னுரை, இந்நூலைச் சொல்லுக்குச் சொல் உண்மை என்று கொள்ளலாகாது என்று வாசகரை எச்சரித்தது.

இச்செய்தியை வகுப்பில் சொன்னபோது என் குரல் தாழ்ந்துவிட்டது. ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் ஐயா, இதில் எதைத்தான் நம்புவது?" என்று கேட்டாள். அன்று எனக்கு உடனே விடை வரவில்லை. அதன்பின் எண்ணிக் கண்ட விடையை இப்போது சொல்கிறேன்.

ஒரு நூலை முழுவதும் நம்புவது எளிது. முழுவதும் தள்ளுவதும் எளிது. இரண்டும் சோம்பலே. வரலாற்று மாணவன் பகுதி பகுதியாகப் பிரித்துச் சான்று கேட்க வேண்டும். வழியில் சந்தித்த நடிகருக்குச் சான்று இல்லை. கடிதம் அவருக்கு எதிராகவே நிற்கிறது. பள்ளி வாயிலில் நின்ற கூட்டத்துக்கோ புகைப்படங்கள் உள்ளன, செய்தித்தாள்கள் உள்ளன, வளர்ந்த பின் ரூபி பிரிட்ஜஸ் தாமே எழுதியதும் உள்ளது. நாவலாசிரியரின் கை எங்கெங்கோ நீண்டிருக்கலாம். அதனால், அந்தச் சிறுமி நடந்த நடை பொய்யாகிவிடாது.

ஆனால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தம் மனைவி உடன் வந்ததை அவர் எழுதியிருந்தால் நூலின் சுவை சிறிது குறைந்திருக்கலாம், மதிப்புக் குறைந்திராது. சிறிய செய்தியில் நேர்மை தவறியவர், பெரிய செய்தியில் தாம் கண்ட உண்மையையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிட்டார். என் வருத்தமெல்லாம் அதுதான்.

ரோசினாந்தே இன்று சாலினாஸில் ஸ்டைன்பெக்கின் பெயரால் அமைந்த காட்சியகத்தில் நிற்கிறது. நாளை நீங்களும் பயணம் புறப்படுவீர்கள். வண்டி வீடு வேண்டா, பேருந்து போதும். மெல்லச் செல்லுங்கள், வழியில் உள்ளவரோடு பேசுங்கள். அன்று கண்டதை அன்றே, நாளும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். உடன் வந்தவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.